பணி திருப்திகரமாக உள்ளது

திண்டுக்கல்,
பிப்ரவரி 11

அன்புள்ள செல்விக்கு,

இங்கு அனைவரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு வேறு தாளில் ஆரம்பித்திருக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பேகம்பூர் பக்ருதீன் அண்ணன் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுவேன். போனில் பேசினால் நான் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிடுவேன் என்பது உனக்கே தெரியும்.

நீ கேட்டது ஒரே கேள்விதான். உன் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், இருபதாம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும், உங்க வேலை நிலைக்குமா நிலைக்காதா என்று கேட்டாய். நிலைக்கும் என்றால் நீ நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாம். நானும் பத்து நாளாக யோசிக்கிறேன். காலையில் நிலைக்கும் என்று தோன்றுகிறது. மதியச் சாப்பாட்டுக்குள் மாறிவிடுகிறது.

எங்கள் அலுவலகத்துக்கு ஏஐ வந்ததைச் சொன்னேன் அல்லவா? திட்ட அலுவலர்கள் நாங்கள் ஒன்பது பேர் எழுதும் ஆய்வு அறிக்கைகளை இப்போது அதிகாரிக்கு முன்னால் அதுதான் படிக்கிறது. சென்னைக்குப் பயிற்சிக்குப் போனபோது வகுப்பெடுத்தவர் காலையில், "உங்க வேலைக்கு ஆபத்தே இல்ல, களத்துக்குப் போக ஆள் வேணும்ல" என்றார். சாயங்காலம் அவரே, ஒன்பது பேர் செய்வதை மூன்று பேர் செய்யலாம் என்று படம் போட்டுக் காட்டினார். நாங்கள் இரண்டுக்கும் கை தட்டினோம். மார்ச்சில் எங்கள் எல்லோரின் ஒப்பந்தத்தையும் புதுப்பிப்பார்கள் என்கிறார்கள், மூன்று பேருக்குத்தான் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் சொல்வது ஒரே ஆட்கள்தான்.

இதற்கிடையில் விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. சிரிக்காதே. ஆட்டுக்கொட்டகைத் திட்டத்தில் நான் எழுதிய அறிக்கைகளைப் படித்துவிட்டு, இவை மனிதர் எழுதியவை அல்ல, ஏஐ எழுதியவை போலத் தெரிகிறது, இவர் நேரில் போயிருக்க வாய்ப்புக் குறைவு என்று அந்த ஏஐயே குறிப்பு எழுதிவிட்டது. எல்லா அறிக்கையிலும் ஒரே வாசகமாம். "ஸ்தலத்தை நேரில் பார்வையிட்டேன். பணி திருப்திகரமாக உள்ளது." பதினோரு வருடமாக அதைத்தானே எழுதுகிறேன்! சேர்ந்த புதிதில் ஒருமுறை, வாசல் மேற்கே இருப்பதால் ஆடுகளுக்குச் சாயங்கால வெயில் அடிக்கும் என்று சொந்தமாக எழுதினேன். அப்போதிருந்த அதிகாரி சிவப்பு மையால் சுழித்து, "தணிக்கையில கேள்வி வரும்யா, பழைய ஃபைலப் பாத்து அதே மாதிரி எழுது" என்றார். அன்றிலிருந்து ஒரு கமாவைக்கூட மாற்றியதில்லை. மனிதர் சொல்லிக்கொடுத்தபடி எழுதினால் நீ மனிதனே இல்லை என்கிறது. கோபம் வந்தது, செல்வி. யாரிடம் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

நேரில் போனதற்குச் சாட்சி வேண்டுமே என்று எரியோட்டுக்கு வண்டியை விட்டேன். அங்கே ராமுத்தாய் என்று ஒரு அம்மா கொட்டகை கட்டியிருக்கிறார். நான் வந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "மறக்குமா சார்? அன்னைக்குத்தான என் வெள்ளாடு ரெட்டைக் குட்டி போட்டுச்சு. பேனா பிடிச்ச கையில குட்டியப் பிடிச்சுக்கிட்டு முழிச்சீகளே, அம்புட்டு பயம் ஒங்க மூஞ்சியில" என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுச் சிரித்தார். உண்மைதான். ஈரக் குட்டியைக் கோணிச்சாக்கால் துடைத்தது நான். இரண்டும் இப்போது தாய் அளவுக்கு வளர்ந்து வேலியை மேய்கின்றன. அன்றைக்கும் நான் பணி திருப்திகரமாக உள்ளது என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

நடந்ததை அப்படியே விளக்கக் கடிதமாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எங்கள் அதிகாரி ஈஸ்வரன் சார் ஒட்டன்சத்திரத்துக்காரர், நல்ல மனிதர். படித்துச் சிரித்துவிட்டு, "ஏனுங்க ஆனந்த்ராஜ், ஆடு குட்டி போட்டதையெல்லாம் ஃபைல்ல எப்படிங்க வைக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்தார். கணினியில் பதிவு செய்யும் சத்யபிரியா பரிதாபப்பட்டு, "குடுங்க சார், செத்த நேரத்துல முடிச்சுத் தாரேன்" என்று ஏஐயிடமே ஒரு கடிதம் எழுதி வாங்கினாள். மேற்படி அறிக்கைகள் யாவும் என் சொந்த வார்த்தைகளில் எழுதப்பட்டவை என உறுதியளிக்கிறேன் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிதத்தைப் படித்த ஏஐ, மனிதர் எழுதியதுதான் என்று ஏற்றுக்கொண்டது. மெமோ முடிந்தது. என் வேலை பிழைத்ததா, அன்றைக்கே போய்விட்டதா? எனக்கு விளங்கவில்லை. வெட்கமாகவும் இருக்கிறது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது.

அந்தத் துணிச்சலில் உன் கேள்வியையும் அதனிடமே கேட்டுப் பார்த்தேன். சாதகம் ஐந்து, பாதகம் ஐந்து, இறுதி முடிவு உங்களுடையது என்றது. உன் அப்பாவிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

பிறகு சும்மா உட்கார்ந்து, நான் உனக்கு அனுப்பிய மெசேஜ்களை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாரும் நலம். ஜீவிதா நன்றாகப் படிக்கிறாள். கவலைப்படாதே. ஆறு வருடமாக அதேதான். நீகூட ஒருமுறை, "ஏங்க, ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரியே அனுப்புறீங்க" என்றாய். நான் மழுப்பிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஜீவிதாவுக்கு நீ அனுப்பிய பச்சைச் சுடிதார் அளவு சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். பொய். இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது நீ எடுத்த அளவு அது. தோளைத் தாண்டி இறங்கவே இல்லை. முதுகுத் தையலைப் பிரித்துவிட்டு, துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு உனக்கு அனுப்பும் படத்துக்காக நின்றாள் பிள்ளை. சிரிக்கச் சொன்னதும் நான், படம் எடுத்ததும் நான். கொட்டகை முன்னால் பயனாளியை நிறுத்தி எடுப்பேனே, அப்படியேதான் எடுத்தேன். புது அளவு எடுத்து உனக்கு அனுப்பலாம் என்று போன வாரம் தையல் கடைக்குக் கூப்பிட்டேன். "வேணாம்ப்பா. அளவெல்லாம் அனுப்பாதீங்க. வேணும்னா அம்மா வந்து எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். உன்னைவிட உயரமாகிவிட்டாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

என் வேலை நிலைக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். நம் வீட்டை நேரில் பார்வையிட்டேன். திருப்திகரமாக இல்லை.

கையெழுத்துப் போடுவதும் விடுவதும் உன் முடிவு. எதைச் செய்தாலும் உன்மேல் வருத்தப்பட மாட்டேன். ஆண்டவர் உன் கையைப் பிடித்து நடத்தட்டும். ஜீவிதாவின் அளவை மட்டும் இதனுடன் அனுப்பவில்லை.

உன்,
ஆனந்த்ராஜ்