படுக்கையறையில் மண்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்தே தூறல். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் கணுக்கால் தண்ணீர். பொத்தேரிக்கு வேலைக்குப் போய்ச் சேர அரை மணி தாமதம். ஹாஸ்டல் மெஸ்ஸில் வார்டன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ராணி மூன்றாம் நாளாகச் சாப்பிடவில்லை. கீரை, வெள்ளரிக்காய், செம்பருத்திப் பூ, எதையும் தொடவில்லை. பின்னங்கால்களால் டைல்ஸைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறாள். நகத்தோரம் ரத்தம்.

தே. வாங்கி வந்த ஆமை. (தே. என்றால் தாலி கட்டியவர். முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.) முதுகில் நட்சத்திரம் போட்ட ஆமை இருந்தால் யோகம் என்று எவனோ சொன்னானாம். ஒன்பது வருடம் ஆகிறது. யோகம் அவருக்கு வந்தது, மாமல்லபுரத்தில், சங்கு விற்கும் கடைக்காரியாக. இரண்டு வருடமாக அங்கேதான். ஆமையும் நானும் இங்கே.

நவம்பர் 5, புதன்

அரை நாள் லீவு. கூடுவாஞ்சேரியில் நாய், பூனை பார்க்கும் டாக்டர். சின்னப் பெண். எக்ஸ்ரேயைக் காட்டினாள். வயிற்றுக்குள் நாலு வெள்ளை உருண்டை.

"முட்டைம்மா. தோண்ட மண்ணு இல்லாம அடக்கி வச்சிருக்கா. இன்னும் நாளானா உள்ளயே உடைஞ்சு செத்துடுவா."

"குஞ்சு வருமா?"

"ஆண் ஆமை கூட இருந்ததே இல்லைன்னா வராது. வெறும் முட்டை. ஆனா வெளிய வந்தாகணும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "இத வீட்ல வைக்கறதே சட்டப்படி தப்பு. ஃபாரஸ்ட் ஆபீஸ்ல நீங்களே சொல்லிடுங்க."

எனக்குத் தெரியும். தெரியாதது போல ஒன்பது வருடம் ஓட்டியாயிற்று.

நவம்பர் 6, வியாழன்

வேண்டியவை: செம்மண், மணல், செங்கல், தார்ப்பாய், மஞ்சள் பல்பு (சூட்டுக்கு).

முற்றம் முழுக்க சிமெண்ட். ஒரு மூலையை மட்டும் உடைக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஆமைக்கோசரம் என் தரைய உடைக்கணுமா? நல்லா கீதே கதை!"

படாளத்தில் வேன் ஓட்டும் அண்ணனுக்குப் போன். மதியமே மண் மூட்டைகளோடு வந்தான். அண்ணியும் கூட. செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள். "இது வூட்டுக்குள்ள வந்த அப்பாலதானே உன் புருசன் பூட்டான். இதுக்குப் போய் பிரசவம் பாத்துகினு கீற." அண்ணன் மூட்டைகளை இறக்க வேனுக்குத் திரும்பிவிட்டான்.

இடம் இருப்பது படுக்கையறையில் மட்டும். கட்டிலைக் கழற்றி வெளியே வைத்தோம். அது இருந்த இடத்தில் தார்ப்பாய், சுற்றிலும் செங்கல், ஒரு சாணுக்கு மேல் மண். தண்ணீர் தெளித்துக் கையால் அழுத்தினேன். முதுகு விட்டுப்போயிற்று.

நவம்பர் 7, வெள்ளி

தோண்டினாள். விட்டாள். வேறு இடம். அதையும் விட்டாள். நான் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுகிறாள். கதவை ஒருக்களித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தேன்.

தே. போன்.

"இன்னா ஸ்டெல்லா, ராணி முட்டை வுடப்போவுதாமே? உங்கண்ணன் சொன்னான்."

"ஆமா."

"முட்டையோட கீற ஆமைன்னா அமோகம்ன்றாங்க. இங்க கடை டல்லா கீது. ஞாயித்துக்கெழம வந்து எத்துகினு போறேன். நான் வாங்குனதுதானே."

ஆகஸ்டில் எனக்கு ஆபரேஷன் ஆன விஷயமும் அண்ணன் மூலம் அவருக்குத் தெரியும். அதற்கு வராத போன்.

நவம்பர் 8, சனி

மாலை ஐந்து மணி. மழை விட்டிருந்தது. கதவிடுக்கில் பார்த்தேன். பின்னங்கால் இரண்டும் குழிக்குள். ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இரண்டு. மூன்று. நான்கு. கோழி முட்டையைவிடச் சின்னது, வெள்ளை வெளேர்.

பிறகு மண்ணைத் தள்ளி மூடினாள். பின்னங்காலால் தட்டித் தட்டி மேடு பள்ளம் தெரியாமல் சமன் செய்தாள். முக்கால் மணி நேரம். அவ்வளவு கவனம். குஞ்சு வராது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அழுகை வந்தது. எதற்கென்று இங்கேகூட எழுத மாட்டேன்.

முகம் கழுவிக்கொண்டு ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போன் செய்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. எட்டரைக்கு வனத்துறை ஆட்கள் இருவர், ஒரு பெட்டி. திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். கையெழுத்து. ராணி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள், போய்விட்டாள். முட்டையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்தரைக்கு தே. ஆமை எங்கே என்று தெரு கேட்கக் கத்தல்.

"முட்டை இருக்கு," என்றேன். கத்தல் நின்றது.

மண்ணை விலக்கி, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் குறி போட்டு, டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து அடுக்கிக் கொடுத்தேன். புரட்டக் கூடாது. சூடு ஆறக் கூடாது. குஞ்சு பொரிக்க நூறு நாளுக்கு மேல் ஆகும். நான் சொன்ன எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் முறை.

நவம்பர் 10, திங்கள்

நல்ல மழை. மெஸ்ஸில் மதியப் பந்தி நடுவே போன்.

"ஸ்டெல்லா, இங்க கரண்ட் பூட்ச்சு. பல்பு எரில. முட்டை சில்லுனு ஆவுது. இன்னா பண்றது?"

பின்னால் சங்குக் கடைக்காரியின் குரல்: "சீக்கிரம் கேளுய்யா!"

"மடியில வச்சுக்கங்க. ஆடாம அசையாம. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி."

"எவ்ளோ நேரம்?"

"கரண்ட் வர்ற வரைக்கும்."