ஐந்தாவது ஆணி

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே தூறல். குடைக்கம்பி உடைந்திருக்கிறது, மாற்றணும். பெங்களூர் வண்டியில் ஜன்னல் சீட். ஆபீஸில் ஒன்றும் விசேஷமில்லை.

விசேஷம் வீட்டில். கெஸ்ட் வால் ஆட்டியது!!

ஒன்பது நாளாகக் கட்டிலுக்கடியில் கிடந்த ஜீவன். கோரமண்டல் ஸ்டேஷனில், வண்டிக்கு நான் தினம் காத்திருக்கும் பெஞ்சுக்கடியில் யாரோ விட்டுவிட்டுப் போனது. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்து, பின்னங்கால் ஒன்றை இழுத்து இழுத்து நடை. அன்றைக்கு நான் வண்டியிலிருந்து இறங்கியதும் பின்னாலேயே வந்துவிட்டது. இன்று மாலை செருப்பைக் கழற்றும்போது கட்டிலுக்கடியில் டப் டப் என்று சத்தம். எலி என்று குனிந்தால், வால்! தரையில் அடிக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இவர் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் அவரையும் மண்டி போட வைத்துக் காட்டினேன். முழங்கால் வலிக்கிறது என்றார். வலித்தால் வலிக்கட்டும்.

ஏற்கெனவே நாலு. பிற்காலத்தில் ஞாபகம் தப்பினால் படித்துக்கொள்ள:

பட்டாணி – வெள்ளைப் பொமரேனியன், பத்து வயது. குட்டியிலிருந்தே எங்களோடு. வீட்டு எஜமானி.
லெவல் – நந்திதுர்க் சுரங்கப் பக்கம் சாக்கடையிலிருந்து தூக்கியது. வயிறு தரைமட்டம். பெயர் உபயம் இவர்.
பெல்லு – ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் சாக்குப்பைக்குள் கிடைத்தது. சரியாக ஐந்து மணிக்குக் குரைப்பு.
தொரை – பக். வெளிநாடு போன பெங்களூர்க்காரர்கள் கைகழுவிவிட்டது. சோபாவைத் தவிர வேறெங்கும் உட்காரமாட்டார்.

ஐந்தாவதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். பெயர் வைத்தால் போச்சு, பிறகு கொடுக்க மனசு வராது. அதனால்தான் கெஸ்ட்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. குளிர். பட்டாணிக்குக் காது மருந்து: இரண்டு சொட்டு, நாலு கடி.

இவர் மறுபடி ஆரம்பித்தார். அதுக்கும் ஒரு டோக்கன் வெட்டிக்கொண்டு வரட்டுமா என்று. வேண்டவே வேண்டாம் என்றேன்.

வாசல் பக்கம் பலகை, அதில் நாலு ஆணி. மாமனார் தங்கச் சுரங்கத்தில் இருந்த காலத்துப் பழக்கம். சுரங்கத்தில் கீழே இறங்குகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பித்தளை டோக்கன் இருக்குமாம். மேலே வந்ததும் பலகையில் அவரவர் ஆணியில் மாட்டணும். ஷிஃப்ட் முடிந்தும் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அதே ஏற்பாடு நாய்களுக்கு. வாக்கிங் கிளம்பினால் நாலு டோக்கனும் என் பையில், திரும்பினால் நாலும் ஆணியில். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இத்தனை வருஷத்தில் ஒன்றுகூடத் தொலையவில்லையே.

கெஸ்ட்டுக்கு டோக்கன் கிடையாது. போகப் போகிற விருந்தாளிக்கு எதற்கு?

பக்கத்து வீட்டு ரத்னம்மா பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பியதும் கெஸ்ட் கதவிடுக்கில் மூக்கை வைத்து ஒரே ஊளையாம். மற்ற நாலும் பக்கத்தில் இருந்தும். பாப, பாப என்று கன்னடத்தில் உச்சுக்கொட்டினாள். இதற்கு மனுஷர் வேணும், நாள் முழுக்க. எங்களால் முடியாது. எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் மாட்டேன் என்கிறார்.

ஜூலை 10, வியாழன்

கெஸ்ட்டுக்கு ஆள் கிடைத்தாச்சு! ஸ்டெல்லா சிஸ்டர்!

எல்லாம் ரேவதி வேலை. தினம் என்னோடு வண்டியில் வருகிறவள், ஊரில் அவளுக்குத் தெரியாத ஆளே இல்லை. சிஸ்டர் சுரங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். ராபர்ட்சன்பேட்டையில் தனியாக. வளர்த்த நாய் போன வருஷம் போய்விட்டது. எங்கேயும் போகமாட்டார், நாள் முழுக்க வீடுதான். போனில் பேசினேன். கால் நொண்டி என்றேன், எனக்கும்தான் என்றார். ஞாயிறு நாலு மணிக்கு வருகிறார். வண்டியில் என் கால் தரையில் நிற்கவில்லை.

இவரிடம் சொன்னேன். சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைய ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் பிசைந்தார்.

ஞாயிறுக்குள்:
– குளிப்பாட்டு
– நகம்
– தடுப்பூசிச் சீட்டு (எங்கே வைத்தேன்?)
– கிழிந்த பச்சைத் துண்டு, அது இல்லாமல் தூங்காது
– கேசரிக்கு ரவை. சிஸ்டருக்கு சுகர் உண்டா, கேட்கணும்

ஜூலை 11, வெள்ளி

கெஸ்ட்டைக் காணோம்.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். மாலை, சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டுப் பக்கம் வாக்கிங். நாலும் கயிற்றில். கெஸ்ட் முதல் தடவையாகக் கயிறில்லாமல், தானாகவே என் குதிகாலை ஒட்டி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, எதிரே வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். திடீரென்று மழை. சாம்பல் மண்ணெல்லாம் சேறு. நாலு கயிற்றையும் இழுத்துக்கொண்டு ஓட்டம். தொரையைத் தூக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் டோக்கனை மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அப்பாடா என்று இருந்தது. எல்லாரையும் துவட்டினேன். டீ போட்டுக் குடித்தேன். ஆமாம், உட்கார்ந்து டீ குடித்தேன். சோறு வைத்தபோதுதான் கவனித்தேன், ஐந்தாவது கிண்ணம் அப்படியே இருந்தது.

பலகையைப் பார்க்கிறேன். எல்லாரும் வந்தாச்சு என்கிறது.

இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம், ரத்னம்மா வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் கெஸ்ட் கெஸ்ட் என்று கத்திக்கொண்டு ஒரு பக்கம். அது அதன் பெயரா என்ன, திரும்பிப் பார்க்க? கிடைக்கவில்லை.

இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஈரச் சட்டையோடு பலகை முன்னால் நின்றார்.

"கணக்குலயே இல்லாத ஆளு கீழ மாட்டிக்கினா, யாருக்குத் தெரியும், சுமதி?"

அவ்வளவுதான் சொன்னார். சட்டம் போட்டவள் நான். நான்தான்.

ஜூலை 12, சனி

கிடைச்சிடுச்சு கிடைச்சிடுச்சு கிடைச்சிடுச்சு

எனக்கு லீவு. ரேவதிக்கு இல்லை. காலை வண்டி வருகிற நேரம், அவள் போன். "சுமதி, உன் கெஸ்ட்டு இங்க இன்னா பண்ணிக்கினு கீது? நம்ம பெஞ்சுக்கடியில படுத்துக்கினு கீது."

நைட்டி, மேலே துண்டு. இடது கால் செருப்பு என்னுடையது, வலது இவருடையது. ஓடினேன். என் வயதில் யாராவது அப்படி ஓடினால் நானே சிரிப்பேன். ஸ்டேஷனில் வண்டி வந்து நிற்கிறது. ரேவதி ஏறவில்லை, ஒரு கக்கத்தில் கைப்பை, இன்னொரு கக்கத்தில் கெஸ்ட். என் கையில் திணித்துவிட்டு, நகர ஆரம்பித்த வண்டியில் தொற்றி ஏறினாள். ஜன்னலில் இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். உடம்பெல்லாம் சேறு, நடுக்கம், என் தாடையை நக்கித் தள்ளியது.

விட்டுவிட்டுப் போன இடத்துக்கே போய்க் காத்திருக்கிறது. நான் தினம் வண்டிக்கு நிற்கிற இடமும் அதுதான். பழைய ஆளைத் தேடியா, என்னைத் தேடியா, தெரியாது. என்னைத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் ஒரே ரகளை. பட்டாணி முகர்ந்து பார்த்துத் தும்மியது. பெல்லு ஐந்து மணி ஆகாமலே குரைத்தது. தொரை சோபாவில் நகர்ந்து இடம் விட்டார்! முதல் தடவை!

இவர் சுத்தியலை எடுத்து ஐந்தாவது ஆணியை அடித்தார். வெட்டுவதற்குப் பித்தளைத் தகடு கையில் இல்லை. நேராக மாமனார் படத்துக்குப் போனார். படத்துக்குக் கீழே அவருடைய டோக்கன், நிஜ டோக்கன், தினம் பொட்டு வைக்கிறோம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமாவுடையதை நாய்க்கா என்று கேட்டுவிட்டேன்.

"நைனா இத்த வச்சிக்கினு எத்தினி வருசம் எறங்கினாரு. ஒரு நாளுகூட மேல வராம இருந்ததில்ல. அதான் இதுக்கு."

பொட்டைத் துடைத்துவிட்டு மாட்டினார். ஐந்து ஆணியும் நிறைந்து, பார்க்கவே அப்படி ஒரு அழகு. பிறகுதான் இரண்டு பேருக்கும் நாளை ஞாயிறு என்று உறைத்தது.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல வெயில். குளிப்பாட்டியாச்சு, நகம் வெட்டியாச்சு, சீட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால்.

சிஸ்டர் நாலு என்றால் நாலு. சுகர் கிடையாதாம், கேசரி இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். கெஸ்ட் கட்டிலுக்கடியில். அவர் கூப்பிடவில்லை. நொண்டிக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் விலைவாசி பேசினார். அரை மணி கழித்து அதுவே வந்து அவர் முழங்காலில் தலையை வைத்தது. எனக்கு சந்தோஷம், வயிற்றெரிச்சல், இரண்டும் ஒன்றாக.

உள்ளே போய் இவரிடம் கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று. வைத்துக்கொள்ளலாம் என்று முதலிலிருந்து நின்றவர் இவர்தானே.

"நாளைக்கு காலைல ரெண்டு பேரும் கதவ பூட்டிக்கினு போவோம். அது ஊளையிடும். உனக்குத் தெரியாதா?"

வெளியே வந்தார். ஆணியிலிருந்து மாமனார் டோக்கனை எடுத்துக் கெஸ்ட்டின் கழுத்துப்பட்டையில் கட்டினார். முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது. சிஸ்டருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. டோக்கனில் பொறித்திருந்த நம்பரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த எத்தனையோ பேர் சட்டைப்பையிலிருந்து இதுபோல் எடுத்து வீட்டாரிடம் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஆட்டோ கிளம்பியது. பச்சைத் துண்டையும் கொடுத்துவிட்டேன். ஐந்தாவது ஆணி காலி. இவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறார். நான் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஜூலை 14, திங்கள்

திரும்பும் வண்டியில் எழுதுகிறேன், எழுத்து கோணல். பங்காருப்பேட்டை தாண்டியாச்சு. ரேவதி என் தோளில் தூக்கம். சிஸ்டரிடமிருந்து போன் இல்லை. நானாகச் செய்யக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். ரத்னம்மாதான் காலையில் கூப்பிட்டாள், உங்கள் வீட்டில் இன்று சத்தமே இல்லை என்று. நல்ல செய்திதான். ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன்.

போன். சிஸ்டர்!

சாப்பிட்டதா என்று கேட்கக்கூட விடவில்லை. "மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வந்தோம்மா. வாசல்ல ஒரு ஆணி அடிச்சிருக்கேன். இப்பதான் டோக்கன மாட்டினேன். மேல வந்தாச்சுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு."

கத்திவிட்டேன் போலிருக்கிறது, பெட்டி முழுக்க என்னையே பார்க்கிறது. ரேவதி எழுந்து இன்னா ஆச்சு இன்னா ஆச்சு என்கிறாள். முதலில் இவருக்குச் சொல்லணும். கோரமண்டல் வந்தாச்சு, இறங்க