மூன்று மில்லிமீட்டர்

மார்ச் 4, திங்கள்

புது மாதிரிச் செதில்கள் எங்கள் ஆலை வெட்டுமேஜையில் கிடந்தன. நல்ல சாம்பல் நிறம், கம்பளியும் பழசைவிட மெத்தென்று இருந்தது. எங்கள் செதில்களை ஊசி நூலே இல்லாமல், ஒன்றின் நாக்கை இன்னொன்றின் வாயில் செருகிக் கோட்டாகவோ போர்வையாகவோ மாட்டிக்கொள்ளலாம். பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்து, கையிலிருந்த பழைய செதிலின் வாயில் அதன் நாக்கைச் செருகினேன். நுழைந்தது. கையை விட்டேன், நழுவி விழுந்தது. அடுத்ததும் அப்படியே. வெட்டியவர்கள் கவனப்பிசகாக இருந்துவிட்டார்கள் என்று நினைத்து அளந்து பார்த்தேன். ஒவ்வொரு நாக்கும் மூன்று மில்லிமீட்டர் ஒடுங்கியிருக்கிறது. வாயும் அதேபோல. தவறு இத்தனை ஒழுங்காக வராது.

லூர்தெஸிடம் கேட்டேன். என் தங்கைக்கு முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது. கணினியைப் பார்த்துக்கொண்டே, "அது ரெண்டாம் தலைமுறைக்கா. அப்புறம் பேசலாம்" என்றாள்.

கம்பளித் துண்டுக்கு என்னடி தலைமுறை?

மார்ச் 5

பேசினோம். பேச்சா அது.

பழசோடு புதுசு சேராதபடி அளவை மாற்றச் சொல்லி, பாஸ்டனிலிருந்து முதல் போடுகிறவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். "வாங்கினவங்க திரும்பி வரவே மாட்டேங்குறாங்கக்கா. கோட்டைக் கழட்டிப் போர்வையாக்கிக்கறாங்க, போர்வையைக் கழட்டி ஜன்னல்ல மாட்டிக்கறாங்க. கிழிஞ்சா ஒரே ஒரு செதில் வாங்கிட்டுப் போறாங்க. ஒத்தச் செதிலை வித்து நான் எப்படி ஆலையை நடத்தறது?"

"அதுக்குத்தானடி இதைச் செஞ்சோம்."

"கீழ ஒம்பது பொண்ணுங்க வேலை பாக்குறாங்க. நீயே போய்ச் சொல்லு, எங்கக்காவோட கொள்கையைச் சாப்பிடுங்கன்னு."

அவள் சொல்வதில் எப்போதும் கொஞ்சம் உண்மை இருந்து தொலைக்கும். ஆனால் எங்கள் பெட்டிமேல், "இன்று வாங்குவது என்றைக்கும் சேரும்" என்று அச்சடித்திருக்கிறோமே, அந்த வரியை எழுதியது யார்? நானா? எனக்கு எழுத வராது. நான் செதிலை வெட்டினேன், அவள் வாக்குக் கொடுத்தாள்.

மார்ச் 19

இனி புது அளவுதான் என்று முடிவாகிவிட்டது. அவள் பங்கு பெரியது. நான் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும் ஒன்றுதான்.

மார்ச் 24, ஞாயிறு

பூசை முடிந்ததும் பெர்த்தா அத்தையைத் தள்ளிக்கொண்டு வந்தேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாலும், பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்து அதிகாரம் போகவில்லை. "லெஃப்ட்ல ஒடி, பள்ளம் இருக்கு" என்று வழி நெடுக உத்தரவு.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் இடது கை மடியிலேயே கிடக்கிறது. அவளுக்காகத்தான் அவள் போட்டிருக்கும் செதில் கோட்டின் இடது பக்கத்தை முழுக்கத் திறக்கும்படி செய்தேன். வலது கையாலேயே செதில்களைக் கழற்றி, கையை உள்ளே கிடத்தி, மறுபடி மாட்டிக்கொள்வாள். முதல் நாள் யார் உதவியும் இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை பேக்கரிக்குப் போய் இனிப்பு ரொட்டி வாங்கி வந்தாள். எனக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லை. அவ்வளவு திமிர். எனக்கும்தான்.

விஷயத்தைச் சொன்னேன்.

"கடைசி வரைக்கும் இந்த ஒரு கோட்டு போதும் பெர்த்தா அத்தைன்னு உன் தங்கச்சிதான் என் கையைப் பிடிச்சிச் சொன்னா. செத்துப்போன கையைப் பிடிச்சிருப்பா போல."

மே 26, ஞாயிறு

பரிசுத்த ஆவித் திருவிழா. கோயில் கூடத்தில் எல்லோருக்கும் ரொட்டியும் இறைச்சியும் போட்ட சூப். போகவே கூடாது என்றிருந்தேன், போனேன்.

அகப்பையோடு நின்றவள் லூர்தெஸ். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களிடம், "எங்கக்காவுக்கு மாத்தம்னாலே ஜுரம் வந்துடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே என் தட்டில் இறைச்சிக்கு மேல் புதினாவை அள்ளிப் போட்டாள். எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் அவ்வளவு போடவில்லை.

அந்தப் புதினாவால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. சாப்பிட முடியவில்லை.

ஜூன் 3

பழைய அளவில் செதில் வெட்டும் அச்சை நான் வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று லூர்தெஸிடம் சொன்னேன். நாலு பேராவது வந்து கேட்பார்கள், வெட்டிக் கொடுப்பேன், உனக்கென்ன நஷ்டம் என்றேன். பழைய இரும்புக்காரன் போன வாரமே எடுத்துப் போய்விட்டானாம்.

"போன வாரமேன்னா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

அந்த அச்சுக்கு வடிவம் பிடிக்க நாங்கள் இருவரும் ஒரு குளிர்காலம் முழுக்க என் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அட்டையில் வெட்டிப் பார்த்து, சிரித்து, சண்டை போட்டு, மறுபடி வெட்டி. செதில் என்று பெயர் வைத்தது அவள்.

கத்தியையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கூப்பிடுவாள் என்று ஆலைப் படிகளில் மெதுவாகத்தான் இறங்கினேன்.

ஜூலை 15

கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 20

பெர்த்தா அத்தை மூன்று வாரமாகக் கோயிலுக்கு வரவில்லையே என்று போய்ப் பார்த்தேன். கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. சக்கரத்தில் மாட்டித் தோள்பக்கம் கிழிந்திருக்கிறது. மகன் கடைக்குப் போய்ப் புதுச் செதில்கள் வாங்கி வந்திருக்கிறான்.

"உள்ள போகுது, நிக்க மாட்டேங்குது. என் புருஷன் மாதிரி. வருவான், இருக்க மாட்டான்."

அதனால் மருமகள் ஊசியை எடுத்திருக்கிறாள். நல்ல பெண், நன்றாகத்தான் தைத்திருக்கிறாள். தோளிலிருந்து இடுப்புவரை, திறக்கிற இடம் முழுவதும். கறுப்பு நூல், நெருக்கமான தையல்.

"யாராவது வந்து போட்டுவிடணும், யாராவது வந்து கழட்டணும். அவ வேலைக்குப் போயிட்டு வர்றதே பெரிசு. நான் எங்க போகப்போறேன், விடு."

பேக்கரிக்குத் தனியாகப் போய்வந்த பெண்பிள்ளை சொல்கிறாள், எங்க போகப்போறேன் என்று. நான் கத்திவிட்டேன். "ஊசி பட்டுட்டா இது வெறும் துணி அத்தை. நூலைப் போட்டுக் கொன்னுட்டீங்க. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ உன் தங்கச்சியோட சண்டை போட்டுட்டு உர்ருன்னு உக்காந்திருக்க. உங்கிட்ட யாருடி வருவா?"

அக்டோபர் 22

தையலைப் பிரித்தேன். சமையலறை மேஜையில் கத்தியால் பழைய அளவுக்கு நாலு செதில் வெட்டினேன். அச்சு இரண்டு நொடியில் செய்வதற்கு எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. விளிம்பு கொஞ்சம் பிசிர். நின்றது.

அத்தை தானே மாட்டிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. "நிறம் ஒத்துப்போகல" என்றாள்.

நவம்பர் 28, வியாழன்

நன்றியறிதல் விருந்துக்கு லூர்தெஸ் வீட்டுக்குப் போகாத முதல் வருஷம். டின்னில் அடைத்த மீனும் ரொட்டியும்.

பத்திரிகையில் அவள் படம். பூமியை வீணடிக்காத ஆடை என்று விருது கொடுத்திருக்கிறார்கள். கையில் இரண்டாம் தலைமுறைக் கோட்டு. இளைத்துவிட்டாள். அம்மாவின் தோட்டைப் போட்டிருக்கிறாள். தாளைக் கசக்கி எறிந்தேன், பிறகு எடுத்து நீவி வைத்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 14

தொழில் தொடங்கிய வருஷத்திலிருந்து ஒரு வழக்கம். கிறிஸ்துமஸுக்கு அவள் போர்வைக்கு நான் ஒரு வரிசைச் செதில், என் போர்வைக்கு அவள் ஒரு வரிசை. என்னுடையது கட்டிலைத் தாண்டித் தரையைத் தொடுகிறது.

இந்த வருஷம் எதற்கு? வெட்கமில்லையா எனக்கு?

வெட்டினேன். நீலம், பழைய அளவு, முழு வரிசை. கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது. குறிப்பு எதுவும் வைக்காமல் தபாலில் போட்டேன்.

டிசம்பர் 25, புதன்

காலையில் வாசலில் ஒரு பெட்டி இருந்தது. அவளே வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பனியில் கார்த்தடம். மணி அடிக்கவில்லை.

உள்ளே ஒரு வரிசைச் செதில், கருஞ்சிவப்பு. அட்டையில் அவள் கையெழுத்து: "அக்கா, வழக்கம்போல உன் வரிசை."

முதல் செதிலைப் போர்வையின் ஓரத்தில் மாட்டினேன். விழுந்தது. திருப்பி மாட்டினேன். விழுந்தது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. ஒன்றும் நிற்கவில்லை.

மறந்துவிட்டாளா? தன் கையால் மாற்றிய அளவை ஒருத்தி மறப்பாளா? இல்லை, தெரிந்தே, வேறு வழியில்லாமல் இதை வைத்தாளா? அவளிடம் இப்போது இருக்கும் அச்சு இது ஒன்றுதான். நான் அனுப்பியது அவள் போர்வையில் இந்நேரம் பொருந்தியிருக்கும். அவள் அனுப்பியது என்னுடையதில் பொருந்தாது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அப்புறம் எழுந்து ஊசியைத் தேடினேன். வீட்டில் இருந்தது கறுப்பு நூல்தான். சிவப்பின்மேல் அசிங்கமாகத் தெரிகிறது. பாதி வரிசை தைத்தாகிவிட்டது, சாப்பிட்டுவிட்டு மீதியை முடிக்க வேண்டும்.