ஆறாம் இலக்கத்தின் பிழைகள்

மே 10, சனி

காற்று. மழை வரும் என்றது போன், வரவில்லை. ஆட்டம் பி.ப. 1 மணிக்கு. நாங்கள் 9, வந்தவர்கள் 7. வெற்றி.

கொண்டுபோனவை: பென்சில் 3, அழிறப்பர், தேநீர்ப் போத்தல், மீன் றோல்ஸ் 12. திரும்பி வந்தவை: பென்சில் 2, போத்தல்.

ஸ்கோர் மேசையில் எனக்கு இது ஆறாவது ஆட்டம். பருவத் தொடக்கத்தில் பெற்றோருக்கு வேலை பிரித்தார்கள்: புல் வெட்டுவது, சொசேஜ் சுடுவது, ஸ்கோர் எழுதுவது. ஸ்கோருக்கு மட்டும்தான் கதிரையும் கூடாரமும். கையைத் தூக்கிவிட்டேன். ஊரில் நாலு வருடம் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதியவன், பேஸ்போல் என்ன பெரிய பேஸ்போல் என்ற நினைப்பு.

வந்த அணியின் ஸ்கோரர் இங்கர். வெள்ளை முடி, மழைக்கோட்டு, முப்பது வருடமாக இதே வேலையாம். என் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினா.

"ஆறு ஆட்டம். உங்கட பக்கத்தில ஒரு பிழைகூட இல்லையா?"

"இல்லை."

"என்ன, தேவதூதர்களே விளையாடுகினம்?"

"நல்ல பிள்ளைகள்" என்றேன். நன்றியும் சொன்னேன். மனுஷி என்னை நெடுநேரம் பார்த்தா. பிறகு ஒரு றோல்ஸ் எடுத்தா.

பெரிய செய்தி கடைசியில்: கோடையில் ஹொலண்டில் பயிற்சி முகாம், கழகத்துக்கு ஓர் இடம். பயிற்சியாளர் லார்ஸ் என் ஸ்கோர் தாள்களைப் பார்த்து என் மகள் அபியின் பெயரைச் சொன்னான். அபி "பரவாயில்லை" என்று டெனிஷில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்தினாள். உள்ளே குதித்த குதியில் குசினி அலுமாரியில் கோப்பைகள் ஆடின.

மே 11, ஞாயிறு

வெயில். சபை. மனைவி வசந்தி எழும்பி, மகளுக்குக் கிடைத்த தயவுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னா. எல்லாரும் ஆமென். பாஸ்டர் பேஸ்போல் என்றால் என்னவென்று என்னிடம் கேட்டார். பத்து நிமிடம் விளக்கினேன். ஐயோ.

பின்னேரம் அந்தத் தேவதூதர் கதை மண்டைக்குள் குடைந்தது. விதிப்புத்தகத்தைப் போனில் மொழிபெயர்த்து வாசித்தேன். பருவம் தொடங்க முதல் செய்திருக்க வேண்டிய வேலை.

கிரிக்கெட்டில் களத்தில் நிற்பவன் பந்தைக் கோட்டை விட்டாலும் ஓட்டம் அடித்தவனுக்குத்தான், கணக்கு பந்து போட்டவன் தலையில்தான். அப்படித்தான் இங்கேயும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேஸ்போலில் அப்படி இல்லையாம். சாதாரணமாகப் பிடிக்கக்கூடிய பந்தை ஒருத்தர் விட்டால் அது 'அடி' இல்லை, 'பிழை'. விட்டவரின் இலக்கத்துக்கு எதிரே எழுதவேண்டும். அதனால் வந்த ஓட்டம் எறிந்தவன் கணக்கில் சேராது. எது அடி, எது பிழை என்று முடிவு செய்வதற்குத்தான் ஸ்கோரரே.

நான் எல்லாவற்றையும் அடி என்று எழுதியிருக்கிறேன். கால்களுக்கிடையால் உருண்டு போனதையும்.

எங்கள் அணியில் எறிபவன் எமில். ஆறு ஆட்டத்து ஓட்டமும் அவன் தலையில். அதிகம் பந்து போகும் இடம் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே. இலக்கம் ஆறு. அங்கே நிற்பது அபி.

வசந்தியிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, சும்மா விடுங்கோ. ஆர் அதைப் பாக்கப்போகினம்?"

மே 13, செவ்வாய்

பார்த்துவிட்டார்கள்.

பயிற்சி முடிந்து கார் நிறுத்துமிடம். எமிலின் தகப்பன் ஹென்ரிக். தச்சன், என்னைவிட ஒன்றரை முழம் உயரம். ஒவ்வோர் ஆட்டத்தையும் வேலியில் போனைக் கட்டிப் படம் எடுப்பவன். இங்கே எல்லாருக்கும் நான் 'ஜே'தான்.

"ஜே, என்ர மகன் மோசமா எறியிறானெண்டு உன்ர தாள் சொல்லுது. நான் வீடியோவைப் பாத்தன். உன்ர மகள் பந்தை விடுறாள், பழி அவனுக்கு. இடம் அவளுக்கு."

"எனக்கு விதி தெரியாது, ஹென்ரிக்."

"ஆறு ஆட்டம் விதி தெரியாமலா எழுதினனீ?"

ஓம், அதுதான் உண்மை. கள்ளன் இல்லை, மடையன் என்று நிரூபிக்க நின்றேன். சாட்சி ஒருவரும் இல்லை. பக்கத்தில் நின்ற தாய்மார் காருக்குள் பைகளை மெதுவாக, மிக மெதுவாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

லார்ஸ் வந்தான். "ஸ்கோரரின் முடிவுதான் முடிவு. நான் தாளைத் தொட ஏலாது. திருத்துறதெண்டா நீதான் திருத்தவேணும். வெள்ளி ஆறு மணிக்குப் பெயர் அனுப்பவேணும்."

"திருத்தினா இடம் ஆருக்கு?"

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "இலக்கங்களைப் பாத்துத்தான் சொல்லுவன்."

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தரம் கியர் பிழை.

மே 14, புதன்

தூறல். வேலையில் ஜன்னல்கள் அடுக்கிய தட்டு ஒன்றைத் தவறான லொறியில் ஏற்றிவிட்டேன். லொறி புறப்பட முதல் கண்டுபிடித்தார்கள். வாழ்க்கையில் இப்போதெல்லாம் எனக்கு முன்னே மற்றவர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

செய்யக்கூடியவை:
1. பேசாமல் இருப்பது.
2. திருத்துவது.
3. வெள்ளிவரை காய்ச்சலில் படுப்பது.

மூன்றாவது நல்லதாகத் தெரிந்தது.

குசினியில் வசந்தி வெங்காயம் வெட்டிக்கொண்டே: "சபைக்கு முன்னால சொல்லிப்போட்டன். இனி என்னெண்டு முகத்தைக் காட்டுறது?"

"அதுக்காகப் பொய்யை விடுறதே?"

"பொய் எண்டு ஆர் சொன்னது? தெரியாமல் எழுதினது. ஆண்டவருக்குத் தெரியும்."

"ஹென்ரிக்குக்குத் தெரியேல்லையே."

"ஹென்ரிக்கே உங்களுக்குச் சோறு போடுறது? உங்கட கையால பிள்ளையின்ர இடத்தை வெட்டினா, அவள் பிறகு உங்களோட கதைப்பாளோ?"

கதவடியில் அபி. பள்ளிப் பையோடு. எவ்வளவு நேரம் நின்றாளோ.

"எமில் என்னோட கதைக்கிறேல்ல" என்றாள். "வகுப்பில இடம் மாறி இருக்கிறான்."

வசந்தியின் கத்தி நின்றுவிட்டது.

"அப்பா, வேணுமெண்டே எழுதினீங்களோ?"

ஹென்ரிக் கேட்டபோது கோபம் வந்தது. இவள் கேட்டபோது கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். இல்லை என்றேன். கிரிக்கெட், களத்தடுப்பு, விதிப்புத்தகம், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது.

கடைசிவரை கேட்டாள். "இவ்வளவு மடைத்தனத்தை ஒருத்தரும் கற்பனை பண்ணிச் சொல்லமாட்டினம்."

நம்பிவிட்டாள். 

"அப்ப நான் எத்தினை விட்டனான்?"

"தெரியாது."

"பாப்பம்."

மே 15, வியாழன்

வீடியோ அனுப்பும்படி ஹென்ரிக்குக்கு நானே எழுதினேன். ஆறு இணைப்புகள் வந்தன. வணக்கம் இல்லை, பெயர் இல்லை.

வேலை 2 மணிக்கு முடிந்தது. 3 மணியிலிருந்து குசினி மேசையில் நானும் அபியும் அவள் கணினியும். வசந்தி உடுப்பு மடிக்கப் போனா. ஆறு ஆட்டத்துக்கும் போதுமான அளவு மடித்தா.

முதல் பந்து. அபியின் கையுறையில் பட்டு விழுந்தது. நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"பிழை" என்றாள் அபி.

"பொறு, இன்னொருக்காப் பாப்பம்."

"பிழை, அப்பா. எழுதுங்கோ."

அடுத்தது. "பிழை." அடுத்தது எமிலின் பிழையே. அதற்கும் அதே குரல். நீதவான் மாதிரி இருந்து தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போனாள். நான் அழித்து எழுதும் எழுதுவினைஞன். அழிறப்பர்த் தூள் மேசை முழுக்க.

நாலாவது ஆட்டத்தில் ஒரு பந்து. தரையோடு வந்தது, அவளுக்கு முன்னே எதிலோ பட்டுத் தோளுக்கு மேலால் எகிறியது.

"பிழை."

"இல்லை. அது அடி."

"நான் பிடிச்சிருக்கவேணும்."

"ஒருத்தராலும் பிடிக்க ஏலாது. பார், கல்லில படுது."

"அடி எண்டு போட்டா மகளுக்காகப் போட்டதெண்டுதான் சொல்லுவினம். பிழை எண்டே போடுங்கோ, பிரச்சினை இல்லை."

"சொன்னாச் சொல்லட்டும். பார்த்ததைத்தான் எழுதலாம்."

"நேற்றுத்தானே விதி படிச்சனீங்கள்!"

"ஞாயிற்றுக்கிழமை!"

மேசையில் அடித்தேன். தேநீர் சிந்தியது. அறைக்குள்ளிருந்து வசந்தி, "இப்ப ஆருக்காக ஆர் வழக்குப் பேசுறீங்கள்?" அந்தப் பந்தைப் பதினொரு தரம் பார்த்தோம். அடி என்றே எழுதினேன். அபி அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை, ஆனால் தீர்ப்பை மட்டும் நிறுத்தவில்லை.

முடிவு: அணியின் பிழைகள் 14. அதில் ஆறாம் இலக்கத்துக்கு 9. எமில் தலையிலிருந்த ஓட்டங்களில் பாதி போய்விட்டது.

பென்சிலை வைத்தேன். "இன்னும் அனுப்பேல்ல" என்றேன். "நீ சொன்னா..."

"சொல்லமாட்டன்" என்றாள். அனுப்பாதே என்று சொல்லமாட்டாளா, அனுப்பு என்று சொல்லமாட்டாளா, கேட்கத் துணிவில்லை.

மே 16, வெள்ளி

நல்ல வெயில். எதற்கு?

பி.ப. 5.40க்குத் தாள்களைப் படமெடுத்து லார்ஸுக்கு அனுப்பினேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்ற நேரத்தை எழுதப்போவதில்லை. கீழே ஒரு வரி: விதி தெரியாமல் எழுதினேன், பொறுப்பு என்னுடையது.

6.15க்கு அவன் அழைத்தான். எமில் போகிறான்.

அபியிடம் சொன்னேன். "ஓகே" என்றாள். குளியலறைக்குள் போனாள். நாற்பது நிமிடம் தண்ணீர் ஓடியது. அந்தச் சத்தத்துக்குள் வேறு சத்தமும் இருந்தது. வாசலில் துவாயோடு நின்றேன். உள்ளே ஏற்கெனவே துவாய் இருந்தது.

வசந்தி புட்டு அவித்தா. மீன் பொரியலில் பெரிய துண்டு என் சாப்பாட்டுக் கோப்பையில்தான். அதற்கு என்ன அர்த்தமென்று கேட்கவில்லை.

மே 17, சனி

மேகமூட்டம், காற்றில்லை. ஆட்டம் பி.ப. 1.

வேறு யாரையாவது ஸ்கோருக்குப் போடு என்று லார்ஸிடம் சொன்னேன். பெற்றோர் பக்கம் திரும்பிக் கேட்டான். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டது. கதிரையில் இருந்தேன்.

எமிலும் அபியும் களத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹென்ரிக் வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றான். கையில் இரண்டு கோப்பி. ஒன்றைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தான். அதோடு சரி.

மூன்றாம் சுற்று. எமில் எறிந்தான், அடித்தவன் தரையோடு அடித்தான். வேகம். அபி இரண்டு எட்டு இடப்பக்கம் போய்க் குனிந்தாள். கையுறையில் பட்டது, நழுவியது, பின்னால் உருண்டது. ஓர் ஓட்டம்.

எல்லாத் தலையும் கூடாரத்துப் பக்கம்.

"கஷ்டமான பந்து, ஜே" என்றான் ஹென்ரிக், குனிந்து, மெதுவாக. "அடி எண்டு போடு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

உண்மையில் வேகமான பந்துதான். ஆனால் அபி அதற்கு நேரே வந்துவிட்டாள், இரண்டு கையும் கீழே இருந்தது. நான் பார்த்தேன். பிழை என்று எழுதி, பக்கத்தில் இலக்கத்தைப் போட்டேன்.

சுற்று முடிந்தது. மற்றவர்கள் வாங்கில் போய் வரிசையாக இருந்தார்கள். அபி நேரே மேசைக்கு வந்தாள். முகமெல்லாம் புழுதி. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள், விரலால் கட்டம் கட்டமாகத் தேடினாள், நின்றாள்.

"இது ஆறோ, அப்பா?"

"ஓம்."

"சைபர் மாதிரிக் கிடக்கு. வடிவா எழுதுங்கோ."

அழித்தேன். அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பெரிதாக எழுதினேன்.