எழுந்து நின்று சொன்னவர்

அக்டோபர் 30, வியாழன்

விடியலிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி மடங்கிவிட்டது. மாற்ற வேண்டும்.

முற்பகலில், அலுவலகத்தில், ஒரு வீட்டு வரைபடத்திற்கு அனுமதி மறுப்பு. பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விடாமல், மகளுக்கென்று ஓர் அறை. விண்ணப்பித்தவர் முத்தியால்பேட்டைக்காரர், முதியவர். எழுந்து நின்று சொன்னேன். அவர் போன பிறகு வராந்தாவில் எழுத்தர் தமிழ்ச்செல்வியின் குரல், வேறு யாரிடமோ: "எங்க சார் உக்காந்திருக்கிற வரைக்கும் உங்களுக்கு சான்ஸ் இருக்கு. எழுந்துட்டாருன்னா கெளம்பிட வேண்டியதுதான்." சிரிப்பு. எனக்குக் கேட்கும் என்பது தெரிந்தே சொல்வது.

பிற்பகல், கூட்ட அரங்கில் ஊழியர்களுக்கான பேச்சு நிகழ்ச்சி. தலைப்பு: 'என்னை உருவாக்கியவர்'. ஆளுக்கு ஐந்து நிமிடம். தேசத் தலைவர்கள், தந்தையர் பலர், ஆசிரியர்கள், ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர். என் முறை வந்தபோது "என் தாயார்" என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. கைதட்டல். பிறகு சமோசா.

முழு உண்மை இங்கே மட்டும்.

பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் பதியும் அலுவலகம். பழையவர்கள் இன்னமும் பிரெஞ்சில் 'எத்தா சிவில்' என்பார்கள். அங்கே எழுத்தராக இருந்தவர் முசியே சவரிராயன்; 'முசியே' என்றால் அந்தக் கால வழக்கில் 'ஐயா'. அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்த்தது ஒரே ஒரு முறை, சிறுவனாக, அம்மாவின் பக்கத்தில் நின்று.

அப்பா மில்லிலிருந்து விலகிய அடுத்த வாரம் இறந்தார். வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் அண்ணனுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கும். இறந்த தேதியைச் சற்று முன்னால் போட்டுத் தரும்படி கேட்க அம்மா போனாள். அதற்குள் பல படிகள் ஏறி இறங்கியாயிற்று. எங்கும் தலை நிமிராமலே பதில். இவர் முழுவதையும் கேட்டார். பேனாவை மூடினார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். "முடியாதும்மா. மன்னிக்கணும்."

நாங்கள் வாசலைத் தாண்டும் வரை அவர் உட்காரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

வழியில் அம்மா அழவில்லை. "இல்லன்னு சொல்றதுக்கு எழுந்து நின்னாருடா. எனக்குப் போயி." அண்ணனுக்கு வேலை கிடைக்காததைப் பற்றிப் பேசியதைவிட இதைத்தான் அவள் பல காலம் பேசினாள்.

சமோசாவுக்கு முன் இதை எப்படிச் சொல்வது?


நவம்பர் 1, சனி

ஊரின் விடுதலை நாள், அரசு விடுமுறை. கொட்டும் மழை. தெருமுனைக் கொடியேற்றம் மழையிலேயே நடந்தது, ஒலிபெருக்கி பாதியில் நின்றது.

ஆண்டுதோறும் இன்று காலை உப்பளம் கல்லறைத் தோட்டத்திற்குப் போவது என் வழக்கம். நாளை கல்லறைத் திருநாள், ஊரே அங்கே திரண்டுவிடும். ஆகவே முந்தின நாள், கூட்டம் சேருமுன், முசியேயின் கல்லறையில் ஒரு முழம் சாமந்தி, ஒரு மெழுகுவத்தி. உடன் பணியாற்றிய ஒருவரின் அடக்கத்திற்குப் போனபோது தற்செயலாகக் கண்ட கல் அது. பெயருக்குக் கீழே அலுவலகத்தின் பெயரும் பொறித்திருந்ததால் ஐயமில்லை. அந்தக் குடும்பத்தார் எல்லோரும் எப்போதோ பிரான்சுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. இந்த ஊரில் அவரை நினைப்பவன் நான் ஒருவன்தான் என்பதில் ஒரு பெருமை எனக்கு. பெருமை என்றே எழுதலாம். யாரும் படிக்கப் போவதில்லை.

இன்று போக முடியவில்லை. இந்த வழக்கம் தவறியது இதுவே முதல் முறை.

மனைவி விமலாவின் படத்திற்குப் பூ மாற்றினேன். ஒருவருக்கு மட்டும் சமைப்பதில் அளவு இன்னமும் தவறுகிறது. சாம்பார் மிச்சம். இன்று வாய் திறந்து பேசியது: பால்காரரிடம், "அரை லிட்டர் போதும்." அவ்வளவே.


நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டது. வெயில் தாழ்ந்த பின் உப்பளம்.

எதிர்பார்த்த கூட்டம். குடத்தில் தண்ணீர், துடைப்பம், சுண்ணாம்பு வாளி, பிரியாணிப் பொட்டலம். ஒரு பெரியவர் பேரனிடம்: "தாத்தா மூஞ்சியிலயே மெழுக ஊத்துறியே, தள்ளி வைடா." இன்னொரு குடும்பம் கல்லறையைச் சுற்றி உட்கார்ந்து யாருடைய வரதட்சணையையோ அலசிக்கொண்டிருந்தது. பாரிசிலிருந்து வந்த பிள்ளைகள் கொசுவுக்குக் கை கால் முழுதும் எதையோ பூசிக்கொண்டு. எனக்கு இதெல்லாம் புதிது. நான் வரும் நாளில் இங்கே காக்கைகள்தாம்.

முசியேயின் கல் கழுவப்பட்டிருந்தது. தலைமாட்டில் தொட்டியோடு ஒரு மஞ்சள் சாமந்தி. அணைந்த மெழுகுவத்தி ஒன்று.

மகிழ்ச்சி வரவில்லை. உள்ளபடி எழுத வேண்டும்: எரிச்சல். என் முழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் கால்மாட்டில் வைத்தேன், விருந்தாளி செருப்பை ஓரமாக விடுவதைப் போல.

காவலாளி அந்தோணியைக் கேட்டேன்.

"கண்ணாடி போட்ட அம்மா சார். மகளா இருக்கும். வருசா வருசம் ரெண்டாந்தேதி வரும், அப்புறம் அடுத்த ஞாயித்துக்கிழமை ஒருக்கா வந்து வாடுனதெல்லாம் எடுத்துட்டுப் போகும்."

"வருஷா வருஷமா?"

"நீங்க மொத நாளே வந்துட்டுப் போயிடுறீங்க. எப்படிப் பாப்பீங்க?"

மகள். அப்படியானால் ஒரு காரியம் கேட்கலாம். கல்லில் எழுத்துகளின் கறுப்பு உதிர்ந்துவிட்டது. வெயில் சாய்வாக விழும்போது மட்டுமே பெயர் தெரிகிறது. கறுப்பேற்ற விரும்பிச் சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்து அலுவலகத்தில் கேட்டேன். கல்லில் எந்த மாற்றத்திற்கும் உறவினர் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். நியாயமான விதி. நான் உறவினன் அல்லன். விட்டுவிட்டேன்.


நவம்பர் 4, செவ்வாய்

மேகமூட்டம். வேலை அதிகம். இரண்டு மறுப்பு. முழங்கால் வலி, இருந்தும் எழுந்தேன்.

தமிழ்ச்செல்வி: "சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. இல்லன்னு சொல்றதுக்கு எதுக்கு எழுந்து நிக்கிறீங்க? ஓடறதுக்கு வசதியாவா?"

"பழக்கம்" என்றேன். இவரிடம் சொல்லியிருக்கலாம். கேலி செய்பவர்தான், கேட்கத் தெரிந்தவரும்கூட. ஆனால் வாய் வரவில்லை. இத்தனை நாள் பூட்டி வைத்ததை எந்தப் பக்கமிருந்து திறப்பது என்று தெரியவில்லை.

ஞாயிறு அந்த அம்மையாரிடம் பேச வேண்டிய வரிசை. முதலில் வணக்கம். பெயர், ஊர், வேலை. பிறகு அம்மா வந்த காரியம், தேதியை மாற்றச் சொன்னது உட்பட. மறைக்கக் கூடாது. பிறகு அவர் எழுந்தது. இறுதியில் எழுத்துக்கு அனுமதி, செலவு என்னுடையது.

குளியலறையில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அறிக்கை வாசிப்பதைப் போலிருந்தது.


நவம்பர் 6, வியாழன்

மழை. போக வேண்டாமோ என்ற எண்ணம்.

காரணம் இது. மகள் என்றால் அவரை வீட்டில் பார்த்தவர். நான் பார்த்தது அந்தச் சில நிமிடங்களை மட்டும். "அதெல்லாம் ஆபீசுல. வீட்ல எங்கம்மாவ அடிப்பாரு" என்று சொல்லிவிட்டால்? சொல்லலாம். மனிதர்கள் அப்படியும் இருக்கிறார்கள். அதன் பிறகு நாளைக்கு மேசை முன் ஒருவர் வந்து நிற்கும்போது நான் எதை நம்பி எழுவேன்?

பெங்களூரிலிருந்து மகன் அழைத்தான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை. ஏதோ தோன்றியதாம். சொல்லிப் பார்த்தேன்.

"யாருப்பா அவரு? நமக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்ல. உறவில்ல."

"அப்ப எதுக்குப்பா இந்த மழையில அங்க போய் நிக்கிறீங்க? சளி பிடிச்சா யாரு பாக்குறது?" பிறகு: "ஆமா, அந்தச் சேர்ல இருந்து எழுந்துக்குறது... எங்கிட்ட பைக் கிடையாதுன்னு சொன்னப்பகூட எழுந்துதான் நின்னீங்க. எனக்கு செம பயமா இருந்துச்சு."

பயமாகவா இருந்தது. நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அவன் வைத்த பிறகு வீடு மறுபடி பழையபடி. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

போவது என்று முடிவு.


நவம்பர் 9, ஞாயிறு

நல்ல வெயில். மதியம் சாப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். வெள்ளைச் சட்டை.

தோட்டம் காலியாக இருந்தது. வாடிய பூ நாற்றம். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். கண்ணாடி, வெளிர்நீலப் புடவை. பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் அமர்ந்து, சாமந்தித் தொட்டியின் வாடிய பூக்களைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒத்திகை பார்த்த வரிசை முழுவதும் மறந்துபோயிற்று. என் ஊர் கருவடிக்குப்பம் என்றேன். அம்மா என்றேன். தேதியை முன்னால் போடச் சொல்லிக் கேட்டதைச் சொன்னேன். பிறகு நேராகக் கேட்டுவிட்டேன்: "அப்பாவோட பேருக்குக் கறுப்பு அடிக்கணும். நீங்க அனுமதி குடுத்தா போதும். செலவு என்னோடது."

அவர் முழுவதையும் கேட்டார். மடியிலிருந்த பூக்களைத் தட்டினார். கையை ஊன்றி மெல்ல எழுந்தார். நேராக நின்றார். தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

அவர் வாய் திறக்குமுன் பதில் தெரிந்துவிட்டது. அம்மா நின்ற பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"முடியாதுங்க. மன்னிக்கணும். நான் அவரு மக இல்ல."

இருவரும் கல்லைப் பார்த்தோம்.

"நான் உங்களத்தான் பையன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "வருசா வருசம் ரெண்டாந்தேதி வந்தா பூ இருக்கும், மெழுகுவத்தி இருக்கும். சரி, பாரிசுலேர்ந்து வந்து வெச்சிட்டு உடனே போயிடுறாரு போலன்னு. இந்தத் தடவதான் காலைல ஒண்ணுமே இல்ல. என்னமோ ஆயிடுச்சோன்னு கவலையா இருந்துச்சு. எழுத்து போனதப் பத்தி உங்ககிட்ட கேக்கணும்னு நானும் எத்தினி வருசமா..."

பெயர் ரெஜினா. அரியாங்குப்பம். மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் எழுந்து நின்ற விதம் யாருடையது என்று புரிந்துவிட்டது. "உங்களுக்கு எதுக்கு முடியாதுன்னு சொன்னாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

"கல்யாணத்துக்கு." சிரித்தார். "வயசு பத்தல. வீட்டுக்குத் தெரியாம போயிருந்தோம். கொஞ்சம் கூட்டிப் போடுங்க முசியேன்னு அழுதேன். பேனாவ மூடிட்டு எழுந்து நின்னாரு. அந்த ஆபீசே நிமிந்து பாக்குது. என்னைக் கட்டிக்க வந்தவன் மட்டும் பெஞ்சில உக்காந்தே இருக்கான். காலாட்டிக்கிட்டு."

"பிறகு?"

"பிறகு என்ன? வீட்டுக்குப் போயிட்டேன். அவனுக்கு பஸ்சுக்கு வழி காட்டிட்டு."

நானும் சிரித்தேன். என் சிரிப்பொலி எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஆஸ்பத்திரில இல்லன்னு சொல்றதுதான் பாதி வேலை" என்றார். "ஏதோ ஒண்ணுன்னு நாற்காலியிலேர்ந்தே சொல்லிடுறவங்க உண்டு. எனக்கு கால் எவ்ளோ வலிச்சாலும் உக்காந்துகிட்டு சொல்ல வராது. டாக்டருங்க கிண்டல் பண்ணுவாங்க, ரெஜினா எழுந்துட்டாங்க, சவ வண்டியக் கூப்பிடுன்னு."

வீட்டில் முசியே எப்படி இருந்திருப்பார் என்று கேட்டேன். வியாழக்கிழமை பயத்தை யாரிடமாவது இறக்க வேண்டியிருந்தது.

"தெரியாதுங்க. நானும் யோசிச்சிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்படி இருந்தா என்ன, நமக்கு எழுந்து நின்னாரில்ல."

இதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆனால் மறுத்துப் பேச ஒருவர் எதிரில் இருந்தார். பேசினோம். வெயில் சாய்ந்து பெயர் தெரியும் வரை பேசினோம்.

கிளம்பும்போது அந்தோணி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு: "ரெண்டு பேருமே சொந்தமில்லையா? நல்லா இருக்கு கதை. எழுத்துதானே, அடிச்சிட்டுப் போங்க. நான் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போயிருப்பேன்."

அது முறையல்ல என்றேன். ரெஜினா அம்மையாரும் அதையே சொன்னார், ஒரே சமயத்தில்.


நவம்பர் 10, திங்கள்

மறுபடியும் தூறல். குடைக்கம்பி மாற்றியாயிற்று.

விதியைத் திரும்ப யோசித்தேன். மாற்றத்திற்குத்தான் ஒப்புதல் வேண்டும். உதிர்ந்த நிறத்தின் மேல் அதே நிறத்தை ஏற்றுவது மாற்றமன்று, பழுதுபார்ப்பு. வீடு கட்டுபவர்களுக்கு இந்த வேறுபாட்டை அன்றாடம் எடுத்துச் சொல்கிறவன் நான். கல்லறை முன் தோன்றவில்லை.

எனினும் கேட்பதே முறை. மதிய இடைவேளையில் தோட்டத்து அலுவலகத்திற்குப் போய்க் கேட்டேன். "பழைய எழுத்து மேல பழைய கலர்தானே? அடிச்சிக்கோங்க சார்." சொன்னவர் உட்கார்ந்தபடியே சொன்னார். சரி என்பதற்கு எழ வேண்டியதில்லை.

ரெஜினா அம்மையாருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். வரும் ஞாயிறு, மழை இல்லாவிட்டால். மழை பெய்தால் அதற்கடுத்த ஞாயிறு.

வாங்க வேண்டியவை: உப்புத்தாள். டர்பன்டைன். கறுப்பு எனாமல், இருப்பதிலேயே சிறிய டப்பா. மெல்லிய தூரிகை, இரண்டு.