திருப்பிக் கேட்ட பாய்

சலெலோலோங்கா
புதன்கிழமை

அன்பு மகள் பெனினாவுக்கு,

உன் அம்மா உனக்கென்று பின்னிவைத்த பாயை, அவளை அடக்கம் செய்த அன்று தவறுதலாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். இதைச் சொல்லாமல் நலம் விசாரிக்கப் பேனா நகரவில்லை. முட்டிவலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ பிரிஸ்பேன் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இரு.

துக்கத்துக்குப் பாய் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் பதிலுக்குப் பாய் கொடுத்து அனுப்பினேன், கடைசியாக ஃபலேஅலுப்போ ஊர் ஆட்கள் வந்தபோது கையிருப்பு தீர்ந்துபோனது, வெறுங்கையோடு அனுப்பினால் மானம் போகுமே என்று உன் அம்மா மெலேயின் மெத்தைக்கு அடியில் கைவிட்டு அகப்பட்டதை உருவிக் கொடுத்தேன். உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் ஒரு கொக்கோ மூட்டை வாங்காதவன், அன்று மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை. நான்கு வருஷம் பின்னியது. போன வாரம் மெத்தையைத் தூக்கித் தட்டும்போதுதான் தெரிந்தது, அன்று கடை திறக்கவில்லை.

நேற்று பஸ் பிடித்து ஃபலேஅலுப்போவுக்குப் போனேன். பாயை வாங்கிப்போன சூலியா அக்கா சிரித்த சிரிப்பில் தூங்கிய நாய் எழுந்துவிட்டது. ஏன் கடைக்காரரே, நாங்க சோப்ப நனைச்சுட்டுத் திருப்பிக் கொண்டாந்தா நீங்க வாங்குவீங்களா என்றாள். அதைவிடப் பெரிய பாய் இரண்டு தருகிறேன் என்றேன், ஒரு பன்றியும் சேர்த்தேன். பன்னி எங்க வீட்லயும் மேயுது, இது யாருக்குப் பின்னுனது, அதச் சொல்லுங்க என்றாள். சொன்னேன். அப்ப மக ஏன் துக்கத்துக்கு வரல என்றாள். லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். அம்மா இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவேன் என்று நீ போனில் அழுததைச் சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் அவள் என் முகத்திலேயே படித்துவிட்டாள்.

எனக்கும் அந்த வீட்டுக்குள் நுழைய முடியவில்லை மகளே. கடையை அடைத்ததும் சமையல்கட்டு வழியாகப் போய் அங்கேயே படுத்துக்கொள்கிறேன். கூட ஒரு ஆள் இருந்தால் முன்வாசல் வழியாகப் போவேன்.

நாற்பது வருஷ வியாபாரத்தில் என்னை இப்படி மடக்கியவர் யாரும் இல்லை, கோபமும் வரவில்லை. கர்த்தர் உனக்குத் துணை இருக்கட்டும். பாஸ்போர்ட் தேதி முடிந்துவிட்டதா என்று இன்றே பார். சூலியா அக்காவோடு பேசி முடித்தது இதுதான்: பணம் வேண்டாம், பன்றி வேண்டாம், மாற்றுப் பாய் வேண்டாம். நீயே வந்து, அவள் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டு, உன் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். என் கையில் தரமாட்டாள்.

உன் அப்பா,
செதெஃபானோ