பிடி அரிசிக்கு ஒரு சாட்சி

12 ஆகஸ்ட் 1998, புதன்

இன்றைக்கும் ஸ்டெல்லா ஜெபத்துக்கு வரவில்லை. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் கூடுவதே ஏழு குடும்பம். சோறு வடிக்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறோம். போன மாதம் கார்மென்ட்ஸ் வேலை போன ஸ்டெல்லாவுக்குக் கொடுத்தோம். கொடுத்ததோடு விட்டேனா? "எழுந்து, கர்த்தர் செஞ்ச நன்மைக்கு சாட்சி சொல்லும்மா" என்று எல்லார் முன்னாலும் நிற்க வைத்தேன். வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்ததை, பெற்ற பிள்ளைகள் பார்க்க, தலை குனிந்து சொன்னாள். நாங்கள் அல்லேலூயா போட்டோம்.

கூட்டம் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். பாதி டப்பா அரிசி.

"நீங்க குடுத்ததுலதான்க்கா தினம் ஒரு பிடி எடுத்து வெச்சேன். யாருக்காச்சும் குடுங்க. அவங்கள மட்டும் எழுப்பி நிக்க வெக்காதீங்க."

இயேசுவுக்குச் சீடராய் வாழ்வது எப்படி என்று சீஷத்துவப் பாடம் ஆறு வாரமாக நடத்துகிறேன், பெரிய வாத்தியாரம்மா. இன்று வருகை நோட்டில் அவள் பேருக்கு நேரே 'ஆப்சென்ட்' போட்டதும் நான்தான்.